திருச்சி கைவினைஞர்கள், திண்டுக்கல் பட்டறை: ஹைதர் அலி ஆயுத பலம் பெற்றது எப்படி?

மைசூர் புலி என்றாலே திப்பு சுல்தான்தான் நினைவுக்கு வருவார். ஆனா அந்தப் படைக்கு அடித்தளம் போட்டது அவரது தந்தை ஹைதர் அலி. அதில் திருச்சிக்கும் ஸ்ரீரங்கத்துக்கும் முக்கிய பங்கு உண்டு.

யார் இந்த ஹைதர் அலி?

கோலார் அருகே புதிகோட்டையில் பிறந்தவர். எழுதப் படிக்கத் தெரியாது. தந்தை ஃபத் முகமது ராக்கெட் வீரர்களுக்குத் தலைமை தாங்கியவர். 1749-ல் தேவனஹள்ளி முற்றுகையில் ஹைதரின் திறமை வெளியே தெரிந்தது.

திருச்சிக்கு வந்தது ஏன்?

திருச்சியைத் தருவதாக ஆற்காடு நவாப் முகமது அலி வாக்குக் கொடுத்ததை நம்பி, மைசூர் படை 1752-ல் உதவிக்கு வந்தது. தொட்டியத்துக்கு மேற்கே நாமக்கல், கரூர் பகுதிகள் அப்போ மைசூர் வசம்தான். வாக்கு காப்பாற்றப்படவில்லை. மைசூர் பிரெஞ்சு பக்கம் சாய்ந்தது. ஸ்ரீரங்கம் தீவு படை முகாமாக மாறியது.

அந்தப் போரில் இருந்த ஹைதர் ஒன்றைக் கவனித்தார். உள்ளூர் வீரர்கள் பலரிடம் இருந்தது திரி துப்பாக்கி. எரியும் திரியால் மருந்தைப் பற்ற வைக்கணும். மழை பெய்தால் சிக்கல். ஐரோப்பியர்களிடம் இருந்தது சக்கிமுக்கிக் கல் துப்பாக்கி. விசையை இழுத்தால் கல் உரசி பொறி பறக்கும். முனையில் ஈட்டியும் மாட்டலாம். வரிசையாக நின்று ஒரே நேரத்தில் சுடும் பயிற்சியும் அவர்களுக்கு இருந்தது.

திண்டுக்கல்லில் என்ன செய்தார்?

1755 வாக்கில், பாளையக்காரர்களை அடக்க திண்டுக்கல்லுக்கு ஃபவுஜ்தாராக அனுப்பப்பட்டார். திருச்சி, ஸ்ரீரங்கம், புதுச்சேரியில் இருந்து தேர்ந்த கைவினைஞர்களை அங்கே வரவழைத்தார். பிரெஞ்சு நிபுணர்கள் மேற்பார்வையில் பீரங்கிப் படை, ஆயுதக் கிடங்கு, வெடிமருந்துக் கூடம் எல்லாம் உருவாச்சு.

இதுதான் திருப்புமுனை. விலைக்கு வாங்கிய துப்பாக்கி பழுதானால், விற்றவரைத்தான் நம்பி நிற்கணும். பட்டறை கையில் இருந்தால் குழாய், விசை, தோளில் ஊன்றும் மரக்கட்டை என எதையும் இங்கேயே சரிசெய்யலாம்.

பலன் என்ன?

1761-ல் மைசூர் ஆட்சி ஹைதர் கைக்கு வந்தது. 1769-ல் சென்னை வாசலுக்கே வந்து ஆங்கிலேயரை உடன்படிக்கைக்கு இறங்க வைத்தார். 1780 செப்டம்பர் 10-ல் காஞ்சிபுரம் அருகே பொள்ளிலூரில் கர்னல் பெய்லியின் படை தோற்றது. மைசூரின் இரும்புக் குழாய் ராக்கெட்டுகள் அங்கே பேசப்பட்டன.

ஆனா விலை கொடுத்தது சாதாரண மக்கள். போர்களில் கர்நாடகப் பகுதி கிராமங்கள் எரிந்தன, பயிர்கள் அழிந்தன. 1781 ஜூலை 1-ல் பரங்கிப்பேட்டையில் ஹைதரும் தோற்றார்.

முடிவு

முதுகில் வந்த கட்டியால் அவதிப்பட்டு, 1782 டிசம்பர் 7-ல் சித்தூர் அருகே முகாமிலேயே உயிரிழந்தார். உடல் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் அடக்கம் செய்யப்பட்டுள்ளது.

திண்டுக்கல் மலைக்கோட்டை இன்றும் நிற்கிறது. திருச்சியிலோ 1966-ல் தொடங்கிய அரசு துப்பாக்கித் தொழிற்சாலை இயங்குகிறது. ஆயுதத்தை வாங்குவதா, நாமே செய்வதா என்ற கேள்விக்கு, ஹைதர் 270 ஆண்டுகளுக்கு முன்பே திண்டுக்கல்லில் பதில் தேடிவிட்டார்.