ஏழு தந்திப் பிடில் வித்துவான் சௌடய்யா

காவிரி நம் கொங்கு நாட்டிற்கு இறங்கி வருமுன் மைசூர்ச் சீமையில் ஒரு கூடலைக் காண்கின்றது. கபினி ஆறு அதனோடு வந்து கலக்கும் அவ்விடத்திற்குத் திருமகூடலு நரசீபுரம் என்று பெயர். கண்ணுக்குப் புலனாகாத மூன்றாம் தீர்த்தம் ஒன்றும் அங்கே கூடுவதாக மக்கள் நம்புவர். நம் பவானிக் கூடுதுறையிலும் அமுதநதி மறைவாய் வந்து கலப்பதாகச் சொல்லுவது நம்மவர் யாவரும் அறிந்ததே. இங்ஙனம் ஒரே நீரால் நமக்கு உறவான அவ்வூரில் 1895-ஆம் ஆண்டு பிறந்தவர், பிடில் வித்துவான் சௌடய்யா.

அவருடைய சரித்திரத்தை இவ்வாண்டு இம்மலருக்கு எழுதத் துணிந்ததற்கு ஒரு காரணம் உண்டு. நம் சங்கீத சங்கத்து மாணவர் ஒருவர் பேஸ் கிதார் வாசிப்பவர். அதன் மெட்டுக்களை யெல்லாம் கழற்றி, பிடிலைப்போல் மெட்டில்லா வாத்தியமாக ஆக்கிக்கொண்டார். இப்பொழுது அதன் பிக்கப்புகளை மாற்ற விரும்பி, எதனை வாங்குவதென்று நம்மிடம் வந்து கேட்டார். பிக்கப் என்பது காந்தத் துண்டுகளைச் சுற்றி மெல்லிய செப்புக்கம்பியை ஆயிரக்கணக்கான சுற்றுக்கள் சுற்றிய ஒரு சிறு பெட்டி. எஃகுத் தந்தி அதன்மேல் அதிரும்போது கம்பியில் மின்னோட்டம் பிறந்து, ஒலிபெருக்கியிற் சென்று முழங்குகின்றது. மோட்டாருக்குக் கம்பி சுற்றும் பட்டறைகள் நிறைந்த கோயமுத்தூரில் இதனை விரித்துரைக்க வேண்டுவதில்லை. ஒற்றைச் சுருள் தெளிவாய்ப் பேசும். ஆனால் மின்சார இரைச்சலையும் உடன் வாங்கிக்கொள்ளும். எதிரெதிராய் அமைத்த இரட்டைச் சுருள் அவ்விரைச்சலை அடக்கும். கூர்மையிலும் சிறிது குறைக்கும். சுற்றுக்களைக் கூட்டினால் ஒலி பெருகும், உச்ச நாதம் மங்கும். மாணவர் நாடியது, எல்லாவற்றினும் உரக்க ஒலிக்கும் ஒன்றை. அவருடன் பேசிக்கொண்டிருக்கையிலேயே, மின்சாரத்தின் துணையின்றி இதே கேள்விக்கு விடை கண்ட சௌடய்யாவின் நினைவு நமக்கு வந்தது.

சௌடய்யா இளமையிலேயே மைசூர் பிடாரம் கிருஷ்ணப்பாவிடம் சிஷ்யராய்ச் சேர்ந்தார். கிருஷ்ணப்பா வாய்ப்பாட்டு வித்துவான். மைசூரில் பிரசன்ன சீதாராம மந்திரத்தைக் கட்டியவர். பாடகரிடம் பாடம் கேட்ட பிடில்காரர் என்பதை நாம் மறத்தலாகாது. விரல் எங்கே விழவேண்டுமென்பதைக் கண் சொல்லாமல் காதே சொல்லும்படி அவருடைய பயிற்சி அமைந்தது. குருகுலவாசம் பல்லாண்டு நீடித்தது. அது மிகக் கடுமையானது. பின்னர்ப் பக்கவாத்தியம் வாசிப்பதில் அவர் பெயர் தென்னாடெங்கும் பரவிற்று. செம்பை வைத்தியநாத பாகவதர், அரியக்குடி இராமாநுஜ ஐயங்கார், முசிரி சுப்பிரமணிய ஐயர் முதலிய பெரியோர்களுக்கு அவர் பிடில் வாசித்துள்ளார். அவருள்ளும் செம்பையின் சாரீரம் வெண்கல மணியை ஒத்தது.

தொல்லை அங்கேதான் இருந்தது. அக்காலத்துக் கச்சேரி மேடைகளில் ஒலிபெருக்கி கிடையாது. நம் ஊர்த் தேர்த்திருவிழாவில் தவிலும் நாதஸ்வரமும் எவ்வித உதவியையும் வேண்டாமல் நான்கு வீதியையும் நிரப்பும். பிடிலோ, ஐரோப்பியர் செய்த மென்மையான பெட்டி. கலியாணப் பந்தல்களிலும் பெரிய மண்டபங்களிலும் கம்பீரமான சாரீரத்திற்கு அருகே அது கம்மிப் போகும். பின்வரிசையில் இருப்பவர்க்கு வில் அசைவது தெரியும், நாதம் எட்டாது. பக்கவாத்தியக்காரரை யாரும் இதற்காகக் குறை சொல்லமாட்டார். எனினும், உழைத்து வாசித்தது கேட்பவரைச் சேரவில்லை யென்னும் வருத்தம் வாசித்தவருக்கு இராமற் போகுமா?

1927-ஆம் ஆண்டில் சௌடய்யா தமது பிடிலில் மேலும் மூன்று தந்திகளைப் பூட்டி, அதனை ஏழு தந்தி வாத்தியமாக ஆக்கினார். இருந்த நான்கில் மூன்றுக்கு ஒவ்வொரு துணைத் தந்தி கிடைத்தது. ஒரே வில் வீச்சில் இரண்டும் சேர்ந்து பேசின; நாதம் பருத்துக் கனத்தது.

சொல்லுவதற்கு இது எளிது. நான்கு பிரடைகளுக்கென்று அமைந்த தலைப்பகுதியில் ஏழுக்கு இடம் காணவேண்டும். கூடுதல் தந்திகளின் இழுவிசையையெல்லாம் குதிரையும் மேற்பலகையும் தாங்கவேண்டும். சுருதி சேர்ப்பதற்கே ஏறக்குறைய இருமடங்கு நேரம் பிடிக்கும். இவற்றையும்விடப் பெரியது விரலின் சங்கடம். வீணையில் மெட்டு இருக்கின்றது; விரல் சற்று முன்பின் நின்றாலும் சுரத்தை மெட்டே நிறுத்திக் கொடுக்கும். பிடிலில் அந்தத் துணை இல்லை. அதிலும் ஒரு விரல் இரண்டு தந்திகளை ஒருங்கே அழுத்தும்போது, இம்மியளவு சாய்ந்தாலும் இரண்டும் இருவேறு சுரமாய்ப் பிரிந்து அலையத் தொடங்கும். நான்கு தந்தியில் மறைந்துபோகும் பிழை ஏழு தந்தியில் சபையறிய வெளிப்படும். ஒலியைப் பெருக்க எடுத்த உபாயம் பிழையையும் சேர்த்தே பெருக்கிற்று! இதனை அறிந்தே அவர் ஏற்றார். கமகங்களிலும் துரிதமான பிருகாக்களிலும் அவருடைய விரல் அந்த இணைத் தந்திகளின்மேல் வழுக்கிச் செல்லும் திறத்தை இசைத்தட்டுக்களில் இன்றும் கேட்கலாம்.

இப்புதுமையை எல்லோரும் வரவேற்றாரில்லை. நான்கு தந்திப் பிடிலின் தனித்த மென்மை போயிற்று என்பாரும் இருந்தனர். அவ்வாறு கூறியவர்களைச் செவியற்றவரென்று நாம் தள்ளமாட்டோம். ஒலியைக் கூட்டும் எவ்வுபாயமும் குரலையும் சிறிது மாற்றியே தீரும். மெட்டில்லாப் பேஸ் கிதாரின் பெரும்புலவரான அமெரிக்கர் ஜாக்கோ பாஸ்டோரியஸ் 1987-இல் மறைந்தார். குதிரைக்கு அருகிலுள்ள பிக்கப்பையே அவர் பெரிதும் நாடினார். அவ்விடத்தில் ஒலியின் கனம் குறைவு. ஆனால் விரல் தந்திமேல் நகரும் குழைவு தெளிவாய்க் கேட்கும். பேரொலிக்கும் குரலுக்கும் இடையே ஒன்றைத் தெரிந்தெடுக்க வேண்டியபோது அவர் சென்ற வழி அது. சௌடய்யா சென்றது வேறு வழி. இருவருக்கும் தாம் கொடுக்கும் விலை இன்னதென்று தெரிந்திருந்தது.

1930-களுக்குப்பின் ஒலிபெருக்கிகள் படிப்படியாய்க் கச்சேரி மேடைகளுக்கு வந்து சேர்ந்தன. தந்தியைக் கூட்டியதற்கு உரிய காரணம் அத்தோடு நீங்கியது எனலாம். ஆயினும் சௌடய்யா ஏழு தந்தியை விடவில்லை. அவர் வரலாற்றில் நம் உள்ளத்தை மிகவும் ஈர்ப்பது இச்செய்தியே. பின்வரிசைக்காகத் தொடங்கியது, நாளடைவில் அவருடைய சொந்தக் குரலாகவே ஆகிவிட்டது என்பது நம் எண்ணம்.

மற்றவற்றைச் சுருக்கமாய்ச் சொல்லிவிடலாம். மைசூர் அரண்மனையில் அவர் ஆஸ்தான வித்துவானாய் விளங்கினார். மைசூரில் ஐயனார் சங்கீதக் கல்லூரியை நிறுவினார். தாம் பிறந்த கூடலின் நினைவாகத் திரிமகுட என்னும் முத்திரை வைத்துக் கீர்த்தனங்கள் இயற்றினார். 1943-இல் வெளிவந்த வாணி என்னும் கன்னடப் படத்தில் நடித்தார். 1957-ஆம் ஆண்டு சென்னை மியூசிக் அகாடமி அவருக்குச் சங்கீத கலாநிதிப் பட்டம் அளித்தது. பாடகருக்குப் பக்கத்தே அமர்ந்து வாசிப்பவரைத் தலைமைப் பீடத்தில் இருத்திய அக்கௌரவம் பக்கவாத்தியக்காரர் அனைவருக்குமே ஆயிற்று. 1967-ஆம் ஆண்டு ஜனவரி மாதம் 19-ஆம் நாள் அவர் காலமானார்.

பெங்களூரில் 1980-இல் திறக்கப்பெற்ற சௌடய்யா ஞாபக மண்டபம் பிடிலின் வடிவிலேயே கட்டப்பட்டது. கட்டடத்தின்மேல் குதிரையும் பிரடைகளும் வில்லும் அமைந்துள்ளன. தந்திகளை எண்ணிப் பார்ப்பவர் ஏழு காண்பர். சத்தியமங்கலம், திம்பம் வழியாக மைசூருக்கும் அப்பாலும் செல்லும் நம் மாணவர்கள் ஒருமுறை பார்த்துவரலாம்.

பேஸ் கிதார் மாணவர் இன்னும் பிக்கப் வாங்கவில்லை. நம்மிடமுள்ள சௌடய்யாவின் இசைப்பதிவை இரவல் பெற்றுச் சென்றிருக்கிறார். மூன்று வாரமாகின்றது, இன்னும் திருப்பித் தரவில்லை.