நிறமேற்றிக் கண்ட நுண்ணுலகம்

பழனி மலைத்தொடரின் உயர்ந்த சோலைகளை ஒட்டிச் செந்நிறப் பூக்களைத் தாங்கி நிற்கும் ரோடோடென்ட்ரான் மரத்தைக் கொடைக்கானல் செல்வோர் காணலாம். காட்டுப்பூவரசு என்றும் வழங்கப்பெறும் இம்மரத்தின் நெருங்கிய உறவினங்கள் இமயமலையில் வளர்கின்றன. இவ்வினங்களின் உயிரணுக்களை நுணுகி ஆராய்ந்தோருள் ஒருவர் டாக்டர் இ.கே. ஜானகி அம்மாள். அவர்தம் வாழ்வினை நம் மாணவச் செல்வங்கள் அறிதல் நலம்.

1897 நவம்பர் 4ஆம் நாள், அன்றைய சென்னை மாகாணத்துத் தலச்சேரியில் அம்மையார் பிறந்தார். சென்னை இராணி மேரிக் கல்லூரியிலும் மாநிலக் கல்லூரியிலும் பயின்று, மகளிர் கிறித்தவக் கல்லூரியில் ஆசிரியப் பணியாற்றினார். பெண்கள் பள்ளியைத் தாண்டுவதே அரிதாயிருந்த அந்நாளில் உதவித்தொகை பெற்று அமெரிக்கா சென்று, மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் 1931இல் முனைவர் பட்டம் பெற்றார். மணவாழ்வை நாடாமல் ஆய்வையே வாழ்வாகக் கொண்டார்.

அவர் தேர்ந்த துறை உயிரணுவியல். உயிரணுவின் உட்பகுதிகள் பெரும்பாலும் நிறமற்றவை; நுண்ணோக்கியில் வைத்தாலும் தெளிவாகத் தோன்றா. ஆகவே இளவேர் நுனியையோ மகரந்தப் பையையோ ஆல்கஹாலும் அசெட்டிக் அமிலமும் கலந்த நீர்மத்தில் இட்டு, உயிரணு சிதையாது நிலைநிறுத்துவர். பின்னர்க் கார்மைன் போன்ற சாயக் கரைசலை ஏற்றிக் கண்ணாடித் தகட்டில் மெல்ல நசுக்கி நோக்குவர். கார்மைன், கொச்சினீல் என்னும் சிறு பூச்சியிலிருந்து கிடைப்பது. இவ்வாறு சாயத்தைப் பற்றிக்கொள்ளும் நுண்ணிழைகளுக்கே 1888இல் ஜெர்மானிய அறிஞர் வால்டேயர், நிறமுடைய பொருள் என்னும் கருத்தில், குரோமோசோம் எனப் பெயர் சூட்டினார். சாயம் எதனையும் படைப்பதில்லை. படைத்தவன் முன்னரே அமைத்து வைத்ததை நம் கண்ணுக்குப் புலப்படுத்துகிறது.

1934 முதல் கோவைக் கரும்பு இனப்பெருக்க நிலையத்தில் அம்மையார் கரும்பின் குரோமோசோம்களை ஆராய்ந்தார். கரும்பையும் மக்காச்சோளத்தையும் கலந்து புதுக் கலப்பினமும் கண்டார். பின்னர் இங்கிலாந்தில் டார்லிங்டனுடன் இணைந்து, பயிர்த் தாவரங்களின் குரோமோசோம் எண்களைத் தொகுத்த பெருநூலை 1945இல் வெளியிட்டார். ரோடோடென்ட்ரான் இனங்களின் குரோமோசோம் எண்களைத் துணை ஆய்வாளர் இருவருடன் 1950இல் வெளிப்படுத்தினார்.

பிரதமர் நேருவின் அழைப்பை ஏற்று 1951இல் தாயகம் திரும்பி, இந்தியத் தாவர மதிப்பாய்வுத் துறையைச் சீரமைக்கும் பொறுப்பேற்றார். 1977இல் பத்மஸ்ரீ விருது அவரைத் தேடி வந்தது. முதுமையிலும் ஓய்ந்தாரில்லை. கேரளத்தின் சைலண்ட் வேலிக் காடு அணைத் திட்டத்தால் அழியும் நிலை வந்தபோது, அதற்கெதிராகக் குரல் கொடுத்தார். 1984 பிப்ரவரி 7ஆம் நாள் சென்னையை அடுத்த மதுரவாயலில் மறைந்தார். அவ்வாண்டு நவம்பரில் அக்காடு தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. அதனைக் காண அவர் இல்லை.

ஒரு துளி மகரந்தத்தில் தொடங்கிய அவரது பார்வை ஒரு காட்டையே காக்கும் அளவுக்கு விரிந்தது. நுண்ணியதைக் கண்டவர்க்கே பெரியதன் அருமை புரியும் போலும். கல்வியைக் கடமையெனப் போற்றும் நம் சமுதாயத்தில், ஆய்வுக்கூடத்தை விரும்பும் மகளுக்கு அதன் கதவைத் திறந்துவிடும் பொறுப்பு பெற்றோர்க்கும் பெரியோர்க்கும் உண்டு. அதனை நிறைவேற்றுதலே அம்மையார்க்கு நாம் செய்யும் சிறந்த நினைவாஞ்சலியாகும்.