கடல் கடந்தோருக்காக வாதாடிய சாஸ்திரியார்

ஒரு நாட்டிற்குள் யாரை விடுவது என்று தீர்மானிக்கிற சட்டமே, உள்ளே வந்தவனுக்கு நோயிலும் முதுமையிலும் யார் கஞ்சி வார்ப்பது என்பதையும் பெரும்பாலும் தீர்மானித்து விடுகிறது. இதைப் பல நாடுகளில் நேரில் கண்டு உழைத்தவர் மகாகனம் வி. எஸ். சீனிவாச சாஸ்திரியார். அவருடைய சரித்திரம் பிழைப்பைத் தேடிக் கடல் கடந்த நம் எல்லோருக்கும் உரியது.

1869-ம் ஆண்டு செப்டம்பர் 22-ந் தேதி, கும்பகோணத்தையடுத்த வலங்கைமானில் ஏழைப் புரோகிதர் குடும்பத்தில் அவர் பிறந்தார். சென்னைத் திருவல்லிக்கேணியில் பள்ளித் தலைமையாசிரியராக இருந்தார். 1904-ல் அங்கே கூட்டுறவுச் சங்கம் ஏற்படப் பாடுபட்டவர்களில் அவரும் ஒருவர். 1907-ல் கோகலேயின் இந்திய ஊழியர் சங்கத்தில் சேர்ந்து, 1915-ல் அதன் தலைவரானார்.

1922-ல் ஆஸ்திரேலியா, நியூஜிலாந்து, கனடா ஆகிய நாடுகளுக்குச் சென்றார். வெள்ளையரல்லாதாருக்கு ஆஸ்திரேலியா கதவை அடைத்திருந்த காலம் அது. உள்ளே இருந்த இந்தியர்களுக்கும் முதியோர் உதவிப்பணம் கிடையாது. கதவைத் திறக்கும்படி சாஸ்திரியார் கேட்கவில்லை. உள்ளே இருப்பவர்களைச் சமமாக நடத்தும்படி கேட்டார். 1925-ல் அவர்களுக்கு வாக்குரிமையும், 1926-ல் முதியோர் உதவிப்பணமும் கிடைத்தன.

தென்னாப்பிரிக்காவில் இந்திய வணிகர்களைத் தனி வட்டாரத்தில் ஒதுக்க மசோதா வந்தது. சென்னை ராஜதானியைச் சேர்ந்த சர் முகம்மது ஹபீபுல்லா சாகிப் தலைமையில் சென்ற தூதுக்குழுவில் சாஸ்திரியாரும் இருந்தார். 1927-ல் கேப்டவுன் ஒப்பந்தம் ஏற்பட்டு, மசோதா கைவிடப்பட்டது. விரும்பித் தாயகம் திரும்புவோருக்கு உதவுவது, தங்கிவிடுவோரின் கல்வியையும் வாழ்வையும் உயர்த்துவது என்பதே உடன்பாடு. இந்தியாவின் முதல் ஏஜண்டாக அங்கே தங்கிய சாஸ்திரியார், சமூகத்தாரிடம் பணம் திரட்டி டர்பனில் சாஸ்திரி கல்லூரி எழக் காரணமானார்.

1936-ன் இறுதியில் மலாயாவுக்கு வந்தார். இங்கே 1907 முதல் இந்தியக் குடியேற்ற நிதி இருந்தது. தோட்ட முதலாளிகள் கட்டிய வரியிலிருந்து தொழிலாளியின் கப்பல் செலவு கொடுக்கப்பட்டது. ஆனால் ரப்பர் விலை விழுந்தபோது, ஒரு லட்சத்துக்கு மேற்பட்டவர்கள் ஊருக்கு அனுப்பப்பட்டார்கள். இருந்தவர்களுக்கும் கூலி குறைந்தது. ஆணுக்கு 50 காசும் பெண்ணுக்கு 40 காசும் மீண்டும் தரவேண்டும், கங்காணி ஆள்பிடிப்பு ஒழியவேண்டும் என்று அவர் அறிக்கை கொடுத்தார். ஆயினும் உதவிபெற்ற குடியேற்றத்தை நிறுத்தச் சொல்லவில்லை. தோட்ட முதலாளிகளிடம் மென்மை காட்டினார் என்று இங்குள்ள இந்தியர் பலர் குறைப்பட்டனர். குறையில் நியாயம் இல்லாமலில்லை. 1938-ல் கூலி மறுபடி குறைக்கப்படவே, ஜூன் மாதத்தில் இந்திய அரசாங்கமே அந்தக் குடியேற்றத்தைத் தடை செய்தது.

1946 ஏப்ரல் 17-ந் தேதி சாஸ்திரியார் காலமானார்.

சொந்தப் பணத்தில் டிக்கெட் எடுத்து வந்த வணிகருக்கும் கடைச் சிப்பந்திக்கும் அந்த நிதி ஏற்பட்டதல்ல. நோயுற்றவனைப் பார்ப்பதும் இறந்தவனை அடக்குவதும் ஊர்ச் சங்கங்களின் கடமையாயின. இன்று மெர்சிங்கில் நாம் பெர்மிட் எடுத்துத் தமிழ்நாட்டிலிருந்து ஆள் வரவழைக்கும்போது, நாமே முதலாளிகள். 2019 முதல் வெளிநாட்டுத் தொழிலாளருக்கும் சொக்சோ உண்டு. அதை ஒழுங்காகக் கட்டுவோம். நம்மை நம்பிக் கடல் கடந்து வந்தவன் அடிபட்டுப் படுக்கும் நாளில், அவன் குடும்பம் கைவிடப்படக்கூடாது.