குப்பைக் குழியின் பெருமையை உலகுக்குச் சொன்ன ஹாவர்ட்

ஆரியங்கோடு: மார்கழி, தை மாதங்கள் ரப்பர் மரங்கள் இலை உதிர்க்கும் காலம். நெய்யாற்றின்கரை, பாறசாலைப் பகுதி எல்லையோர ஊர்களில் உதிர்ந்த சருகு, வெட்டிப் போட்ட வாழைத்தடை, மரச்சீனித் தண்டு, மாட்டுத் தொழுவத்துக் கூளம் என்று குப்பைக்குப் பஞ்சமில்லை. அதைக் கூட்டித் தீ வைப்பவர்கள் உண்டு. மூலையில் குவித்து ஈக்கும் கொசுவுக்கும் இடம் கொடுப்பவர்களும் உண்டு. ஆனால் விதைப்புக் காலம் வந்ததும் கடன் வாங்கியாவது உர மூட்டை வாங்கி வருவார்கள்.

இந்தக் குப்பையையும் அந்த உர மூட்டையையும் எதிரெதிரே நிறுத்தி, குப்பையின் பக்கம் நின்று வாழ்நாள் முழுவதும் வழக்காடியவர் ஓர் ஆங்கிலேயர். அவர் பெயர் சர் ஆல்பர்ட் ஹாவர்ட். இயற்கை விவசாயம் என்று இன்று உலகெங்கும் பேசப்படும் கொள்கைக்கு மூலவர்களில் முதல் வரிசையில் வைக்கப்படுபவர். அந்தக் கொள்கையை அவர் கற்றுக்கொண்டது தம் நாட்டில் அல்ல, நம் நாட்டு உழவர்களிடம்!

உழவர் மகன்

ஹாவர்ட் 1873-ஆம் ஆண்டு டிசம்பர் 8-ந் தேதி இங்கிலாந்தின் ஷ்ராப்ஷயர் பகுதியில் பிஷப்ஸ் காசில் என்ற சிற்றூரில் ஒரு விவசாயக் குடும்பத்தில் பிறந்தார். கேம்பிரிட்ஜ் சர்வகலாசாலையில் விஞ்ஞானம் படித்துத் தேறினார். 1899-ல் மேற்கிந்தியத் தீவுகளில் பார்படாஸ் என்ற இடத்தில் பூஞ்சாள நோய் ஆராய்ச்சியாளராக வேலைக்குச் சேர்ந்தார். கரும்பு முதலிய பயிர்களின் நோயைப் பூதக் கண்ணாடியில் பார்த்து, மருந்து எழுதிக் கொடுப்பது அவர் பணி.

அந்த வேலை அவருக்கு மனநிறைவு தரவில்லை. சொந்தமாக ஒரு பயிரை வளர்த்துப் பார்க்காதவன், பயிர் வளர்ப்பவனுக்கு எப்படிப் புத்தி சொல்வது என்ற கேள்வி அவரை அரித்தது. இங்கிலாந்துக்குத் திரும்பி ஒரு விவசாயக் கல்லூரியில் சிறிது காலம் பணியாற்றிய பிறகு, 1905-ல் இந்தியாவுக்கு வந்தார். அவருக்கு அப்போது வயது 31.

பூசாவில் பாடம்

பீகாரில் பூசா என்ற கிராமத்தில் மத்திய விவசாய ஆராய்ச்சி நிலையம் அப்போதுதான் தொடங்கப்பட்டிருந்தது. 1934-ஆம் ஆண்டு பூகம்பத்தில் அந்தக் கட்டடம் இடிந்ததால் நிலையம் டில்லிக்கு மாற்றப்பட்டது. டில்லியில் இன்றும் அந்தப் பகுதிக்குப் பூசா என்றுதான் பெயர். அந்த நிலையத்தில் ஹாவர்ட் தாவரவியல் நிபுணராக நியமிக்கப்பட்டார்.

வந்த இடத்தில் அவர் முதலில் கேட்டுப் பெற்றது நிலம். 75 ஏக்கர் கிடைத்தது. அதில் என்ன பயிர் செய்வது, எப்படிச் செய்வது என்று தீர்மானிக்கும் முன் சுற்றுவட்டாரக் கிராமங்களைச் சுற்றிப் பார்த்தார். அங்கே ஓர் அதிசயம் கண்டார். பூச்சிமருந்து என்ற ஒன்றையே அறியாத அந்த ஏழை உழவர்களின் பயிர்களில் நோய் குறைவாக இருந்தது. படித்த அதிகாரிகள் பலர் நாட்டு விவசாயத்தை ஏளனமாகப் பேசிய காலம் அது. ஹாவர்டோ அந்த உழவர்களையும், அவர்கள் வயலில் வந்த பூச்சிகளையும் தம் ஆசிரியர்களாக ஏற்றுக்கொண்டார். பூச்சி வந்தால் பயிரிலோ மண்ணிலோ ஏதோ கோளாறு இருக்கிறது என்பது அவர் கற்ற முதல் பாடம்.

அவருடைய மனைவி காப்ரியேலும் கேம்பிரிட்ஜில் படித்த தாவரவியல் விஞ்ஞானி. இருவரும் சேர்ந்தே ஆராய்ச்சி செய்தனர். கோதுமையில் நல்ல ரகங்களைத் தேர்ந்தெடுத்தும் ஒட்டுச் சேர்த்தும் அவர்கள் உருவாக்கிய பூசா 4, பூசா 12 ஆகிய ரகங்கள் வட இந்தியாவில் லட்சக்கணக்கான ஏக்கரில் பரவின. வேறொருவராக இருந்தால் அந்தப் புகழோடு நின்றிருப்பார். ஹாவர்ட் நிற்கவில்லை. எவ்வளவு நல்ல விதையானாலும், மண் வளமாக இல்லாவிட்டால் அதன் குணம் வெளிப்படாது என்பதை அவர் கண்டார். விதையிலிருந்து மண்ணுக்கு அவர் கவனம் திரும்பியது.

இந்தூர் முறை

1924-ல் மத்திய இந்தியாவில் இந்தூர் சமஸ்தானத்தில் புதிய பயிர் ஆராய்ச்சி நிலையம் ஒன்றை ஏற்படுத்தி, அதன் இயக்குநரானார். அங்கேதான் அவர் பெயரை நிலைக்கச் செய்த வேலை நடந்தது.

நம் கிராமங்களில் சாணத்தில் பெரும்பகுதி வறட்டியாகி அடுப்புக்குப் போகிறது. மாட்டின் மூத்திரம் தொழுவத்து மண்ணில் ஊறி வீணாகிறது. செடி கொடிக் கழிவுகள் எரிக்கப்படுகின்றன. இந்த மூன்று நஷ்டத்தையும் ஒரே குழியில் லாபமாக மாற்ற முடியுமா என்று அவர் யோசித்தார். சீனத்து விவசாயிகள் பல நூற்றாண்டுகளாகக் கழிவுகளை மக்கவைத்து நிலத்துக்கே திருப்பிக் கொடுத்து வந்த செய்தியை எஃப்.எச். கிங் என்ற அமெரிக்கர் எழுதிய நூலில் படித்திருந்தார். சீன வழக்கத்தையும் இந்திய வழக்கத்தையும் விஞ்ஞான முறையில் இணைத்தார். யஷ்வந்த் வாட் என்ற இந்திய ரசாயன நிபுணர் இதில் அவருக்கு வலது கையாக இருந்தார்.

முறை எளியது. ஆழமில்லாத அகன்ற குழி. அடியில் இலை, தழை, வைக்கோல், தண்டு ஒரு படுகை. அதன்மேல் சாணமும் தொழுவத்துக் கூளமும். அதன்மேல் மூத்திரம் ஊறிய தொழுவத்து மண்ணும் அடுப்புச் சாம்பலும் தூவல். மேலே தண்ணீர் தெளிப்பு. இப்படி மாற்றி மாற்றி அடுக்க வேண்டும். பருமனாகத் தழை மூன்று பங்கு, சாணக் கூளம் ஒரு பங்கு. ஈரம் இருக்க வேண்டும், தண்ணீர் தேங்கக்கூடாது. இரண்டு மாதத்துக்குள் மூன்று முறை புரட்டிவிட்டால் உள்ளே காற்றுப் புகும். கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்கள் பெருகும்போது குவியல் கொதிக்கும். அந்தச் சூட்டில் களை விதைகளும் ஈப்புழுக்களும் சாகும். மூன்று மாதத்தில் துர்நாற்றமில்லாத, கறுத்துப் பொலபொலவென்ற எரு தயார். சாம்பல் எதற்கு என்றால், குவியல் புளித்துப் போகாமல் காப்பதற்கு.

1931-ல் ஹாவர்டும் வாடும் இதை நூலாக வெளியிட்டனர். ‘இந்தூர் முறை’ என்ற பெயரில் ஆப்பிரிக்காவின் காப்பித் தோட்டங்களுக்கும், இந்தியா, இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்கும் அது பரவியது. 1935 ஏப்ரலில் காந்திஜி இந்தூருக்கு வந்தபோது அந்த எருக்குழிகளை நேரில் பார்வையிட்டார். கிராமப் புனரமைப்பு வேலையில் கம்போஸ்டு எருவுக்கு முக்கிய இடம் கிடைத்தது.

ஆனால் நூல் வெளிவந்த நேரத்தில் ஹாவர்ட் தனி மனிதராகிவிட்டார். 25 ஆண்டுகள் உடன் உழைத்த மனைவி காப்ரியேல் 1930-ல் காலமானார். 1931-ல் அவர் ஓய்வு பெற்றுத் தாயகம் திரும்பினார். காப்ரியேலின் தங்கை லூயிஸைப் பின்னர் மணந்தார். 1934-ல் சர் பட்டம் கிடைத்தது.

உர மூட்டையோடு வழக்கு

ஓய்வுக்குப் பிறகுதான் பெரிய சண்டை தொடங்கியது. ஜெர்மன் விஞ்ஞானி லீபிக் 1840-ல் பயிருக்கு வேண்டிய சத்துகளை ரசாயனக் கணக்காக எழுதிக் காட்டினார். பிறகு காற்றிலிருந்து தழைச்சத்தைப் பிரித்தெடுக்கும் ஆலை 1913-ல் ஜெர்மனியில் ஓடத் தொடங்கியது. தழைச்சத்து, மணிச்சத்து, சாம்பல் சத்து என்ற மூன்றைப் போட்டால் போதும், மற்றதெல்லாம் பழம் பஞ்சாங்கம் என்ற எண்ணம் பரவியது.

ஹாவர்ட் இதை எதிர்த்தார். மண் என்பது உப்பைக் கொட்டி வைக்கும் பாத்திரமல்ல, உயிருள்ள பொருள் என்பது அவர் வாதம். மட்கு குறைந்தால் மண் இறுகும், ஈரம் நிற்காது, மண்ணுயிர்கள் மடியும் என்றார். 1940-ல் வெளியான அவருடைய பெரிய நூல் இந்த வாதத்தை உலகெங்கும் கொண்டு சென்றது. அமெரிக்காவில் ரோடேல் என்பவர் அதைப் படித்து 1942-ல் இயற்கை விவசாயத்துக்கென்றே ஒரு பத்திரிகை தொடங்கினார்.

தமிழ்நாட்டிலும் இதற்கு ஒரு துணைச் சான்று இருந்தது. கோவை விவசாயக் கல்லூரியில் 1909-ல் தொடங்கிய நிரந்தர உரப் பரிசோதனை வயல் நூறாண்டைக் கடந்த ஒன்று. கோவையின் ரசாயன நிபுணர் விஸ்வநாத்தும், குன்னூரில் உணவு ஆராய்ச்சி செய்த மக்காரிசனும் சேர்ந்து, மாட்டெரு இட்ட நிலத்துத் தானியம் கூடுதல் சத்துடையது என்று 1926-ல் எழுதினர். அதன் பின் நடந்த எல்லா ஆராய்ச்சிகளும் இதையே சொல்லவில்லை. ஆனால் ஹாவர்டின் நம்பிக்கைக்கு அது உரமாயிற்று.

இங்கேதான் அவர் ஓர் எல்லையைத் தாண்டினார். பயிர் நோய்க்கும் மனித நோய்க்கும் ரசாயன உரமே காரணம் என்ற அளவுக்குப் பேசினார். அதற்குப் போதிய ஆதாரம் அவர் கையில் இல்லை. சக விஞ்ஞானிகள் பலர் அவரை விட்டு விலகினர். அவரும் அவர்களை நோக்கிக் கடுமையாக எழுதினார். 1947 அக்டோபர் 20-ந் தேதி, இந்தியா சுதந்திரமடைந்த இரண்டு மாதத்தில், அவர் காலமானார்.

அதே 1947-ல் திருவிதாங்கூரில் ஆலுவா அருகே ஃபாக்ட் உர ஆலை அமோனியம் சல்பேட் உற்பத்தியைத் தொடங்கியது. அந்த நாளில் விறகை எரித்து வாயுவாக்கி அங்கே உரம் தயாரித்தார்கள்! வங்கப் பஞ்சத்தைக் கண்டிருந்த நாட்டுக்கு உணவு அவசரமாகத் தேவைப்பட்டது.

நிலம் சொன்ன தீர்ப்பு

வழக்கில் யார் பக்கம் நியாயம்? கணக்கைப் பார்த்தால் தெரியும். நன்கு மக்கிய தொழு உரம் நூறு கிலோவில் தழைச்சத்து சுமார் அரைக் கிலோ. நூறு கிலோ யூரியாவில் 46 கிலோ. இன்றைய 45 கிலோ யூரியா மூட்டை ஒன்றில் இருக்கும் தழைச்சத்தைத் தொழு உரமாகக் கொடுக்க ஏறத்தாழ நான்கு டன் வேண்டும். 1966-ல் வந்த ஐ.ஆர்.8 போன்ற குட்டை நெல்லுக்கும், மெக்சிகன் கோதுமைக்கும் வேண்டிய தழைச்சத்தை எருவால் மட்டும் கொடுக்கப் பெரும்பாலான வீடுகளில் மாடு போதாது. இந்த இடத்தில் ஹாவர்ட் தோற்றார்.

ஆனால் யூரியா தழைச்சத்து ஒன்றையே தரும். 1966-ல் பந்த்நகரில் நெற்பயிர் காவி நிறமாகிக் கருகியபோது, அது கிருமியால் அல்ல, துத்தநாகச் சத்துக் குறைவால் என்று நேனே என்ற விஞ்ஞானி கண்டுபிடித்தார். 1970-களின் தொடக்கம் முதல் இந்திய விவசாய ஆராய்ச்சிக் கவுன்சில் பல ஊர்களில் நடத்திவரும் நீண்டகாலப் பரிசோதனைகளில், யூரியா மட்டும் போட்ட வயல்களில் விளைச்சல் இறங்கியது. பந்த்நகரின் நெல், கோதுமை வயல்களில் ரசாயன உரத்தோடு தொழு உரமும் சேர்த்து இட்ட பாத்திகளே முன்னின்றன. இந்த இடத்தில் ஹாவர்ட் ஜெயித்தார்.

கேரளத்து மண் பெரும்பாலும் புளிப்பு மண். அமோனியம் சல்பேட்டைத் தொடர்ந்து போட்டால் புளிப்பு ஏறும். சுண்ணாம்பும் மட்கும் இங்கே கட்டாயத் தேவை. 1974-75-ல் சுமார் எட்டே முக்கால் லட்சம் ஹெக்டேராக இருந்த கேரளத்து நெல் வயல் இப்போது சுமார் இரண்டு லட்சமாகச் சுருங்கிவிட்டது. மிஞ்சிய ஏலாக்களின் மண்ணாவது கெடாமல் இருக்க வேண்டும்.

ஊரில் அரை ஏக்கர் வயலை அண்ணனிடமோ தம்பியிடமோ விட்டுவிட்டு, இங்கே சம்பளத்துக்கு உழைத்து, உரத்துக்குப் பணம் அனுப்புகிறவர்கள் ஏராளம். அடுத்த முறை பணம் அனுப்பும்போது ஒரு வரி சேர்த்து எழுதலாம். உர மூட்டையை நிறுத்த வேண்டாம். மண்ணைப் பரிசோதித்து அளவோடு வாங்கட்டும். கூடவே தொழுவத்துப் பக்கத்தில் ஒரு குழியும் வெட்டட்டும். சருகும் சாணமும் சாம்பலும் காசு கொடுத்து வாங்கும் பொருளல்ல. மூன்று மாதப் பொறுமை இருந்தால் போதும்.