சிசுக்களின் கணக்கர் வில்லியம் ஃபார்

அலிபிரிப் படிகளில் விடியற்காலையில் நின்றால், கைக்குழந்தையைத் தோளில் சாய்த்துக்கொண்டு மலையேறும் பெற்றோரைக் காணலாம். முதல் முடி இறக்கும் வேண்டுதல் அது. ஓராண்டு நிறையுமுன் மறைந்த குழந்தைகளுக்கோ அப்பேறு இல்லை. அவர்களை எண்ணுவோரும் அரியர். அங்ஙனம் எண்ணுவதையே வாழ்நாட்பணியாகக் கொண்ட பெரியார் ஒருவரை ஈண்டு நினைவுகூர்வோம்.

வில்லியம் ஃபார் 1807-ஆம் ஆண்டு இங்கிலாந்தில் கென்லி என்னும் சிற்றூரில் ஏழைக் குடும்பத்தில் பிறந்தார். செல்வர் ஒருவர் ஆதரிக்க, பாரிஸிலும் லண்டனிலும் மருத்துவம் பயின்றார்.

இங்கிலாந்தில் பிறப்பு இறப்புப் பதிவு 1837-இல் தொடங்கிற்று. அவ்வாண்டே ஃபாரின் முதல் மனைவி காசநோயால் இறந்தார். பின்னர்ப் பதிவு அலுவலகத்திற் சேர்ந்த அவர், ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் அங்கு உழைத்தார். வந்து குவிந்த ஏடுகளை வயது, ஊர், நோய் என வகைப்படுத்தினார். சர்ரேயில் பிறப்போரின் சராசரி ஆயுள் 45 ஆண்டு, லிவர்பூலில் 26 என 1840-களில் கணித்தார். இவ்வேற்றுமைக்குப் பெருங்காரணம் குழந்தைச் சாவே. விதி என்றனர் பலர். விதி ஊருக்கு ஊர் மாறுமோ? நலமிக்க மாவட்டங்களில் எல்லா வயதினரையும் சேர்த்து ஆண்டுக்கு ஆயிரத்துக்கு 17 பேரே இறப்பதைக் காட்டி, அதற்கு மேற்பட்ட சாவு இயற்கையன்று என்று வாதிட்டார்.

காலரா கெட்ட காற்றால் வருவதென நம்பியிருந்தவர், 1866-இல் லண்டன் கணக்கு நீரைச் சுட்டவே, கருத்தை மாற்றிக்கொண்டார். என்னே அந்நேர்மை! அலுவலகத் தலைமைப் பதவி கிட்டாமலே ஓய்வு பெற்று, 1883-இல் மறைந்தார். அவர் காலத்து ஏட்டில் உயிரின்றிப் பிறந்த சிசுவுக்கு இடமில்லை. இங்கிலாந்தில் அப்பதிவு 1927-இல்தான் வந்தது.

நம் நாட்டில் பதிவுச் சட்டம் 1969-இல் பிறந்தது. அதே காலத்தில் மாதிரிப் பதிவு முறையும் நாடெங்கும் பரவியது. தேர்ந்தெடுத்த ஊர்களில் ஒருவர் நிகழ நிகழப் பதிவார். மற்றொருவர் ஆறு திங்களுக்கொருமுறை வீடுவீடாக விசாரிப்பார். இரண்டையும் ஒப்பிட்டு விடுபட்டதைச் சேர்ப்பர். உயிரின்றிப் பிறந்தவையும் இக்கணக்கில் உண்டு. உயிருடன் பிறந்த ஆயிரம் குழந்தைகளுள் ஓராண்டுக்குள் இறந்தவை 1971-இல் 129, 2023-இல் 25.

நண்பர்களே! விடுமுறையில் ஊர் செல்லுங்கால், உங்கள் தெருவில் மறைந்த சிசுவின் பெயர் ஏறிற்றா என்று கேளுங்கள். நிகழ்ந்த 21 நாளுக்குள் தெரிவிக்க வேண்டும் என்பது சட்டம். துயரில் ஆழ்ந்த தாய்க்கு அது நினைவிராது. அவள் சார்பில் நீங்கள் பதிவு அலுவலகப் படியேறுங்கள். ஃபாருக்கு நாம் செலுத்தும் காணிக்கை அதுவே.