ஜக்கார்டு காலர் தெரியும்... ஜக்கார்டு யாருன்னு தெரியுமா? ஓட்டை போட்ட அட்டைக்கும் இன்றைய ஆர்டர் ஃபைலுக்கும் என்ன தொடர்பு?

திருப்பூர் பனியன் கம்பெனிகளில் ஜக்கார்டு காலர், ஜக்கார்டு துணி என்ற பேச்சு சர்வ சாதாரணம். ஆனா அது ஒரு மனிதரோட பெயர். பையர் அனுப்பும் ஆர்டரை கம்ப்யூட்டர் எப்படிப் படிக்கணும் என்ற இன்றைய கேள்விக்கும் அவருடைய அட்டைக்கும் நெருங்கிய தொடர்பு உண்டு.

யார் இவர்?

ஜோசப் மரி ஜக்கார்டு, 1752-ல் பிரான்சின் லியோன் நகரில் நெசவாளர் குடும்பத்தில் பிறந்தவர். அப்போ பூ வேலைப்பாடு போட்ட பட்டு நெய்ய ஒரு தறிக்கு ரெண்டு பேர் வேணும். ஒருவர் ஊடை ஓட்டுவார். இன்னொருவர், பெரும்பாலும் சிறுவர், மேலே தூக்க வேண்டிய பாவு நூல்களின் கயிறுகளை இழுப்பார். ஒரு கயிறு மாறினா பூ கெட்டுப்போகும். பிரெஞ்சுப் புரட்சியில் 1793-ல் லியோன் முற்றுகையிடப்பட்டபோது ஜக்கார்டும் போரில் நின்றார். அந்தப் போர்க் காலத்தில் மகனையும் பறிகொடுத்தார்.

அட்டை என்ன செய்தது?

பிறகு பாரிசில் வோக்கன்சன் விட்டுச்சென்ற பழைய தறியை ஆராய்ந்து, 1804 வாக்கில் தன் கருவியை முடித்தார். அட்டை யோசனை அவருடையது இல்லை; லியோன்காரர்களே 1720-களில் காகிதத்திலும் அட்டையிலும் ஓட்டை போட்டுப் பார்த்திருந்தாங்க. எல்லாத்தையும் சேர்த்து ஓட வெச்சவர் இவர். ஓட்டை இருந்தால் நூல் மேலே போகும், இல்லாவிட்டால் கீழேயே நிற்கும். ஒரு ஊடைக்கு ஒரு அட்டை. கயிறு இழுத்தவர்களின் பிழைப்பு போகுமே என்று நெசவாளர்கள் எதிர்த்தார்கள். அந்தக் கோபம் நியாயமானதுதான். நெப்போலியன் அரசு கருவியைப் பொதுவுடைமையாக்கி, ஜக்கார்டுக்கு ஓய்வூதியம் கொடுத்தது. 1834-ல் இறந்தார். அவர் உருவத்தையே சுமார் 24,000 அட்டைகளை வைத்து பட்டில் நெய்தார்கள்.

கம்ப்யூட்டருக்கு எப்படி வந்தது?

அந்தப் பட்டுப் படம் ஒன்றை லண்டனில் சார்லஸ் பாபேஜ் வைத்திருந்தார். தறிக்கு அட்டை என்றாலே கட்டளைதான். எதைக் கொடுத்தாலும் நெய்துவிடும். பாபேஜ் தான் திட்டமிட்ட கணக்கு இயந்திரத்தில் கட்டளைக்கு ஒரு வகை அட்டை, எண்களுக்கு வேறு வகை அட்டை என்று பிரித்தார்.

இப்போ என்ன ஆபத்து?

எஸ் 120, எம் 240, எல் 180 என்று சைஸ் வாரியாக வரும் ஆர்டர், கம்ப்யூட்டருக்கு வெறும் எழுத்து வரிசை. அதைக் கணக்குப் போடும் பட்டியலாக மாற்ற, பைத்தான் மொழியில் சிலர் ‘இவால்’ கட்டளையைப் போடுறாங்க. அது பழைய தறி மாதிரி: வந்ததை அப்படியே செய்யும். எண்ணுக்குப் பதிலா ஃபைல்களை அழிக்கும் வரி ஒளிஞ்சிருந்தா, அதையும் செய்யும்.

‘லிட்டரல் இவால்’ அப்படி இல்லை. எண், எழுத்து, பட்டியல் போன்ற தரவை மட்டும் ஏற்கும். கட்டளை வந்தால் பிழை காட்டி நிற்கும். ஆனா அளவுக்கு மீறிய, அடுக்கடுக்கான எழுத்து வரிசையைத் திணித்தால் அதுவும் முடங்கும். அதனால வெளியிலிருந்து வரும் ஆர்டரை ஜேசான் வடிவில் கேட்டு வாங்குவது நல்லது. ஃபைல் அளவுக்கு வரம்பு வைக்கணும். உள்ளே வந்தபிறகும் சைஸ் பெயர் நம்ம பட்டியலில் இருக்கா, எண்ணிக்கை முழு எண்தானா என்று பார்த்தபிறகே கட்டிங்குக்கு அனுப்பணும்.