சிரிப்புக்குப் பின்னால் ஒரு மனச்சாட்சி

ஜாஸ் இசை மேதை லூயி ஆம்ஸ்ட்ரோங் 1901 ஓகஸ்ட் 4 ஆம் திகதி நியூ ஓர்லியன்ஸ் நகரில் வறிய கறுப்பினக் குடும்பமொன்றில் பிறந்தார். புத்தாண்டு இரவில் தெருவில் துப்பாக்கியால் சுட்டமைக்காகச் சிறுவர் சீர்திருத்த இல்லத்துக்கு அனுப்பப்பட்ட அவர், அங்கேயே கொர்னட் வாத்தியத்தை முறையாகப் பயின்றார். 1925 முதல் சிக்காகோவில் பதிவான அவரது இசைத்தட்டுகள், கூட்டிசையாக இருந்த ஜாஸைத் தனிக்கலைஞனின் கற்பனைக்குக் களமாக்கின.

மேடையில் ஓயாது சிரித்த அவரை, வெள்ளையரை மகிழ்விப்பவர் என இளைய கறுப்பினக் கலைஞர்கள் சிலர் பழித்தனர். ஆனால், 1957 இல் லிட்டில் ரொக் நகரப் பாடசாலையில் கறுப்பின மாணவர் ஒன்பது பேர் தடுக்கப்பட்டபோது, ஜனாதிபதி ஐசன்ஹோவரைப் பகிரங்கமாகக் கண்டித்து, அரச ஆதரவுடனான சோவியத் பயணத்தையும் கைவிட்டார். அவரது நிகழ்ச்சிகளைப் பகிஷ்கரிக்குமாறு குரல்கள் எழுந்தன. பழித்தவர்களுள் ஒருவரான டிஸி கிலெஸ்பி, பிற்காலத்தில் தமது கருத்தை மாற்றிக்கொண்டார்.

1971 ஜூலை 6 இல் மறைந்த ஆம்ஸ்ட்ரோங்கின் வாழ்வு, முகத்தைக் கொண்டு மனச்சாட்சியை அளத்தலாகாது என்பதை உணர்த்துகின்றது.